காற்றுக்குக் கணக்கெழுதுவோர் யார்?

அளவுகோல் எவன் கையில் இருக்கின்றதோ அவன் சொல்வதே அளவு. எழுதுகோல் எவன் கையில் இருக்கின்றதோ அவன் எழுதுவதே கணக்கு. நிலத்திற்கு இஃது உண்மை என்பதை வெள்ளையர் காலத்து நிலவரித் திட்டத்திலே தமிழுழவன் பட்டறிந்தான். ஆற்றுநீருக்கும் இஃது உண்மை என்பதைக் காவிரியில் பட்டறிந்தான். இப்பொழுது மூச்சுக்காற்றுக்கும் கணக்கெழுதப்படுகின்றது. ஒவ்வொரு நாடும் தன் புகையின் அளவை உலக மன்றங்களுக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்று உடன்படிக்கைகள் வந்துவிட்டன. எழுதும் முறைக்கு வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. அந்நெறிகளை வகுத்தோர் யாவர், அக்கணக்கை எழுதுவோர் யாவர், எம்மொழியில் எழுதுகின்றனர் என்னும் மூன்று வினாக்களைத் தமிழர் இன்னும் எழுப்பினாரல்லர்.

இவ்வினாக்கள் செனீவா நகரத்து அறிஞர் அவைக்கே உரியன என்று எண்ணுவார் உளராயின், அவர் நாகலாபுரத்துப் பக்கம் ஒருமுறை சென்று வருதல் நன்று. கோவிற்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்தில் உள்ளது அவ்வூர். சுற்றிலும் கரிசல். உளுந்தும் பாசியும், கம்பும் சோளமும், மிளகாயும் மல்லியும் மழையொன்றையே நம்பி விளையும் வானம் பார்த்த நிலம். மழை பொய்த்துத் தரிசாக விடப்பட்ட புன்செய்களில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றது. அம்மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது அப்பகுதி ஏழை மக்கள் பலர்க்குப் பிழைப்பு. கட்டைகளை அடுக்கித் தழையும் வைக்கோலும் மூடி, அதன்மேல் ஈரமண் அப்பி, உள்ளே தீயிட்டுவிட்டால் மூட்டம் பல நாள் புகைந்துகொண்டே இருக்கும். காற்றுப் புகும் வாய் பெரிதாயின் கட்டை சாம்பலாகும்; சிறிதாயின் வேகாமல் நிற்கும். இரவென்றும் பகலென்றும் பாராது அருகிருந்து, புகையின் நிறம் பார்த்தே பதம் அறிகின்றான் மூட்டம் போடுபவன். நாலைந்து தொன் விறகுக்கு ஒரு தொன் கரி மிஞ்சும். எஞ்சியது எங்கே போயிற்று? நீராவியாகவும் கரிவளியாகவும் போயிற்று. மூச்சடைக்கும் கரி ஓருயிரகையாகவும், மீத்தேன் என்று வழங்கப்படும் சேற்றுவளியாகவும், தார்த்துளியாகவும், நுண்துகளாகவும் போயிற்று. அதன் முதற்பங்கு மூட்டத்தருகே நிற்பவன் நெஞ்சுக்குள்ளேயே போயிற்று.

அதே மாவட்டத்தின் கடற்கரையில் வேறொரு புகை எழுகின்றது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அலகொன்றுக்கு 210 மெகாவாட்டாக ஐந்து அலகுகள் அங்கு அமைந்தன. பின்னர் வேறு நிலக்கரி அலகுகளும் அக்கரையில் எழுந்தன. 210 மெகாவாட்டு அலகு ஒன்று முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்குச் சற்றொப்ப 3,000 தொன் நிலக்கரி எரியும். கரியில் அரை விழுக்காடு கந்தகம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு தொன்னில் 5 கிலோ கந்தகம். கந்தகம் எரியுங்கால் தன் எடைக்கு ஒத்த உயிர்வளியைச் சேர்த்துக்கொள்வதால், 5 கிலோ கந்தகம் 10 கிலோ கந்தக ஈருயிரகை ஆகும். ஆக, ஓர் அலகிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு 30 தொன் நச்சுவளி.

மூட்டப் புகையும் புகை. புகைபோக்கிப் புகையும் புகை. இவ்விரண்டும் எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில், யாருடைய பெயரில் எழுதப்படுகின்றன என்பதே வினா. விடை காண அவ்வேடு பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

சுவீடன் நாட்டு ஏரிகளில் மீன்கள் செத்தன. அதற்குக் கரணியம் அந்நாட்டுப் புகை மட்டுமன்று, கடல்கடந்து வரும் பிறநாட்டுப் புகையும் ஆகும் என்று 1967-இல் சுவாந்தே ஓதேன் என்னும் அறிவியலாளர் எடுத்துக் காட்டினார். கந்தகவளி முகிலொடு கலந்து நெடுந்தொலைவு சென்று காடிமழையாகப் பெய்கின்றது என்பதை முதலில் நம்பாதவர் பலர். அளந்து பார்த்தபின் மறுக்கவியலவில்லை. 1979-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் செனீவாவில், நெடுந்தொலைவு கடக்கும் காற்றுமாசு பற்றிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தூத்துக்குடியில் முதல் அலகு எரியத் தொடங்கிய அதே ஆண்டு அது! 1985-இல் எல்சிங்கியில், கந்தக உமிழ்வை 1980-ஆம் ஆண்டின் அளவினின்று 30 விழுக்காடு குறைத்து 1993-க்குள் முடிப்பதாகப் பல நாடுகள் உறுதி கூறின.

உறுதி கூறுவது எளிது. குறைத்தேன் என்று ஒரு நாடு சொல்லுங்கால் அதனை மற்றொரு நாடு எவ்வாறு நம்பும்? ஒவ்வொருவனும் ஒவ்வொரு படியால் அளந்தால் நெல்லுக்கு விலை பேசவியலுமா? ஆகலின் அனைவர்க்கும் ஒரே படி வேண்டும் என்று அறிக்கையிடும் நெறிகள் வகுக்கப்பட்டன. ஆண்டுதோறும் பெப்ரவரி 15-க்குள் ஒவ்வொரு நாடும் தன் கந்தகவளி, நுண்துகள் முதலியவற்றின் அளவை ஒரே அமைப்புள்ள பட்டியலில் எழுதித் தருதல் வேண்டும். நாட்டுத் தொகை மட்டும் போதாது. நான்காண்டுக்கு ஒருமுறை, நிலப்பரப்பைச் சற்றொப்பப் பத்துக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பகுத்து, கட்டந்தோறும் எவ்வளவு புகை என்றும், பெரும் புகைபோக்கிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு உமிழ்கின்றது என்றும் காட்டுதல் வேண்டும்.

கணக்கிடும் முறை எளியது. எவ்வளவு எரிந்தது என்பதை, ஒரு தொன் எரிந்தால் எவ்வளவு மாசு வரும் என்னும் எண்ணால் பெருக்குவது. அவ்வெண்ணுக்கு உமிழ்வுக்கெழு என்று பெயர். சூழ்ச்சியெல்லாம் அக்கெழுவில்தான் இருக்கின்றது. விறகடுப்புப் புகையையே எடுத்துக்கொள்க. சூடாக இருக்கையில் ஆவியாயிருந்து, குளிர்ந்தபின் துகளாகத் திரளும் பகுதி ஒன்று அதில் உண்டு. ஐரோப்பிய நாடுகளுள் சில அப்பகுதியைச் சேர்த்து எழுதின. சில விடுத்து எழுதின. ஒரே வகை அடுப்பு எல்லைக்கு இப்பால் மிகுதியாகப் புகைவதாகவும், அப்பால் குறைவாகப் புகைவதாகவும் ஏட்டில் நின்றது! அந்நெறிகளைத் திருத்துவோர் பல்லாண்டாகத் தீர்க்க முயன்ற சிக்கல் இது. நாடுகளுக்கிடையே செல்லும் கப்பல்களின் புகையோ எந்நாட்டுத் தொகையிலும் சேராமல் புறக்குறிப்பாக நிற்கும். தூத்துக்குடித் துறையில் நங்கூரமிட்ட கப்பலின் புகை அத்துறையின் மக்கள் நெஞ்சில் சேரும். எந்நாட்டின் தொகையிலும் சேராது.

செனீவா உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடன்று. தெற்காசியாவிற்கென 1998-இல் மாலேயில் ஓர் அறிவிப்பு உருவாயிற்று; இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட எட்டு நாடுகள் அதில் இணைந்தன. கணக்கெழுதும் கையேடு ஒன்றும் வகுக்கப்பட்டது. ஆயின் இன்ன அளவு குறைப்போம் என்னும் கட்டுப்பாடு அதில் இல்லை. விளைவென்ன? 2022 திசம்பரில் இலங்கையின் காற்று புகைமூடிக் கெட்டது. யாழ்ப்பாணத்திலும் மாசளவு உயர்ந்தது. திசம்பர் 9-ஆம் நாள் பள்ளிகள் மூடப்பட்டன. இந்தியப் பெருநிலத்திலிருந்து காற்றில் வந்த மாசே கரணியம் என்று அந்நாட்டு அலுவலர் கூறினர். எந்தப் புகைபோக்கியின் மாசு, எவ்வளவு என்று சுட்டிக் காட்டுதற்கு இரு நாடும் ஒப்புக்கொண்ட ஏடு எங்கே? கடலின் இருகரையிலும் மூச்சுவிடுவோர் தமிழர். கணக்குக் கேட்டவரோ எவருமிலர்.

பருவநிலை பற்றிய உடன்படிக்கை 1992-இல் எழுந்தது. அதன்கீழ் இந்தியா கணக்குக் கொடுத்தே வருகின்றது. 2024 திசம்பர் இறுதியில் அது அளித்த அறிக்கையின்படி, 2020-ஆம் ஆண்டில் இந்தியாவின் உமிழ்வு, கரிவளிக்கு ஈடாகக் கணக்கிட்டால், 295.9 கோடி தொன். காடும் நிலமும் உறிஞ்சியதைக் கழித்தால் 243.7 கோடி தொன். அதில் 75.66 விழுக்காடு ஆற்றல் துறையினின்றும், 13.72 விழுக்காடு வேளாண்மையினின்றும் வந்தது. உடன்படிக்கை கேட்பது நாட்டுத் தொகையையே. ஆகலின் கரிசலுக்கு அங்குத் தனிவரி இல்லை. மூட்டம் மட்டும் நெறிநூலில் இடம்பெற்றிருக்கின்றது. விறகினின்று வரும் கரிவளி ஆற்றல் துறைத் தொகையில் சேர்வதில்லை. மரம் வெட்டிய நிலத்தின் கணக்கில் அது பார்க்கப்படும். மூட்டத்தின் சேற்றுவளியோ ஆற்றல் துறையிலேயே சேரும். 2019-இல் வந்த திருத்தச் சேர்க்கையில் மரக்கரி செய்தலுக்குக் கணக்குமுறை தனியே தரப்பட்டுள்ளது. கென்யா, பிரேசில், தாய்லாந்து முதலிய நாடுகளின் கரியடுப்புகளில் அளந்த அளவுகள் உலக ஆய்வுகளில் உள்ளன. கரிசல் மூட்டத்தின் கட்டை வேறு, மண் வேறு, வாய் வேறு, வெயில் வேறு. பிறன் மூட்டத்துக் கெழுவால் இவன் மூட்டத்தை அளப்பது, பிறன் காலுக்குத் தைத்த செருப்பை இவன் காலில் ஏற்றுவதாகும்.

இது வெறும் ஐயமன்று. நடந்து முடிந்த ஒரு வழக்கே சான்று. 1990-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 378 இலக்கம் தொன் சேற்றுவளியை உமிழ்வதாக மதிப்பிட்டது. அவ்வெண் இந்திய வயல்களில் அளந்ததன்று. மேலைநாட்டு வயல்களில் கண்ட அளவை நீட்டிப் பெருக்கியது. 1991-இல், தில்லியிலுள்ள நாட்டு இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்திரா தலைமையில் அறிவியலாளர் பலர் இந்திய வயல்களிலேயே இறங்கி அளந்தனர். கண்ட அளவு என்ன? ஏறத்தாழ 40 இலக்கம் தொன். ஒன்பதில் ஒரு பங்கு! அளக்காது விட்டிருந்தால், எட்டுப் பங்குப் பொய்ப்பழி உழவன் தலையில் ஏறியிருக்கும். அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூலொன்று, வாழ்வதற்கு எழும் ஏழையின் புகையையும் இன்பத்திற்கு எழும் செல்வனின் புகையையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று உலகைக் கேட்டது.

கேட்டது சரி. அளந்து காட்டியதும் சரி. ஆயின் அமெரிக்காவை நோக்கித் தில்லி கேட்ட அதே வினாவைத் தில்லியை நோக்கித் தமிழகம் கேட்டால் அது மட்டும் எவ்வாறு தவறாகும்? எங்கோ அளந்த எண்ணால் எங்கள் வயலை எடைபோடாதே என்றது இந்தியா. எங்கோ அளந்த எண்ணால் எங்கள் கரிசலை எடைபோடாதே என்று விளாத்திகுளம் வட்டம் சொல்வதும் அந்நெறியேயன்றோ?

எண்ணை வைத்தே முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதற்குக் கந்தகவளியே எடுத்துக்காட்டு. அனல்மின் நிலையங்கள் கந்தகவளியைக் குறைத்தல் வேண்டும் என்று நடுவணரசு 2015 திசம்பர் 7-ஆம் நாள் விதி வகுத்தது. இரண்டாண்டில் முடித்தல் வேண்டும் என்றது. கெடு தள்ளிப் போயிற்று. மீண்டும் மீண்டும் தள்ளிப் போயிற்று. 2025 சூலையில், தலைநகர்ப் பகுதியையும் பத்து இலக்கம் மக்களுக்கு மேல் வாழும் நகர்களையும் ஒட்டியவை மட்டும் கந்தகநீக்கக் கருவி பொருத்தினால் போதும் என்றும், தூய்மை அளவை எட்டாத நகர்களை ஒட்டியவை ஒவ்வொன்றாக ஆராயப்படும் என்றும், ஏனைய அலகுகள், அதாவது நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை, புகைபோக்கி உயர விதிக்கு உட்பட்டு விலக்குப் பெறும் என்றும் அறிவிக்கப்பட்டது. சுற்றுக்காற்றில் கந்தகவளி வரம்பிற்குள்ளேயே இருக்கின்றது என்பது காட்டப்பட்ட கரணியங்களுள் ஒன்று. புகைபோக்கியை உயர்த்தினால் அடியில் நிற்பவனுக்குப் புகை குறையும், புகை ஒழியாது. கந்தகவளி காற்றிலே நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் என்பதன்றோ சுவீடன் ஏரிகள் கற்பித்த பாடம்? அப்பாடத்தில் பிறந்ததன்றோ செனீவா ஏடு? 

இனி, மொழியைப் பற்றிய வினா. உமிழ்வுக் கணக்கு நெறிகள் ஐந்து பண்புகளை வற்புறுத்துகின்றன: வெளிப்படை, திருத்தம், முழுமை, ஒருசீர்மை, ஒப்பிடற்குரிமை. முதற்பண்பு வெளிப்படை. யாருக்கு வெளிப்படை? பருவநிலைக் கணக்குக்குரிய 2006-ஆம் ஆண்டு நெறிநூல் ஒன்றிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளில் கிடைக்கின்றது. இந்தியாவின் அறிக்கை ஆங்கிலத்தில் போகின்றது. மூட்டம் போடுபவன் படிக்கும் மொழி அந்த ஆறிலும் இல்லை, அந்த அறிக்கையிலும் இல்லை. தன் புகையைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே படிக்கவியலாத ஒருவனுக்கு, அவ்வேடு திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன?

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர் வழக்குமன்றம் சூன் 30-ஆம் நாள் ஆணையிட்டது. நடுவணரசு மொழிபெயர்த்ததா? உச்ச வழக்குமன்றத்திற்கு முறையிடச் சென்றது! மக்களைப் பற்றிய சட்டத்தை மக்கள் மொழியில் தருவதற்கும் வழக்காடும் அரசு, காற்றுக் கணக்கைத் தானாக வந்து தமிழில் தந்துவிடுமா?

தில்லியை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் செய்த நாடு இது. ஆயினும் காற்றைப் பற்றிய அளவுகளும் இசைவாணைகளும் ஆங்கிலத்தில் புழங்குவதைக் கண்டு எத்தனை தமிழர் வெகுண்டனர்? மேடையில் தமிழ் முழங்கியோர், புகைபோக்கியின் அடியில் தமிழ் இருக்கின்றதா என்று பார்த்தாரில்லை. தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிராக எழுந்த மக்கள்மீது 2018 மே 22-இல் துமுக்கி வெடித்து, பதின்மூவர் உயிர் போனபின்தான், மே 28-இல் ஆலையை மூட ஆணை பிறந்தது. தங்கள் காற்றில் என்ன கலந்திருக்கின்றது என்பதை அறியும் உரிமைக்கும் சேர்த்தே அம்மக்கள் தெருவில் நின்றனர். ஏடு திறந்திருந்து, அது தமிழிலும் இருந்திருந்தால், கணக்கு மன்றத்திலே பேசப்பட்டிருக்கும். தெருவிலே குருதியால் எழுதப்பட்டிராது.

ஒன்று இங்குத் தெளிவாகச் சொல்லற்பாலது. ஏழையின் புகை என்பதால் மூட்டப்புகை நல்ல புகை ஆகிவிடாது. அதனருகே நிற்கும் ஆணும் பெண்ணும் இருமுகின்றனர், கண் எரிகின்றனர். அப்புகையை மறைப்பது அவர்க்கு நன்மையன்று. அளந்தால்தான் குறைந்த புகையில் மிகுந்த கரி தரும் மூட்டத்தை அமைக்க வழிபிறக்கும். அளந்தால்தான் மாற்றுப் பிழைப்புக்கு அரசைக் கேட்க வாய் பிறக்கும். ஆகலின் வேண்டுவது கணக்கை ஒழிப்பதன்று; கணக்கைக் கைப்பற்றுவது.

அதற்குச் செய்யற்பாலன இவை:

முதலாவது, தமிழ்நாட்டரசு தனக்கென ஆண்டுதோறும் காற்றுக் கணக்கேடு ஒன்றைத் தமிழில் வெளியிடுதல் வேண்டும். கட்டந்தோறும் கணக்கு ஐரோப்பாவிற்கு இயலுமாயின், நாகலாபுரத்திற்கு ஒரு கட்டமும் தூத்துக்குடிக்கு ஒரு கட்டமும் வகுத்துக் காட்டுவது தமிழ்நாட்டிற்கு இயலாததன்று.

இரண்டாவது, கரிமூட்டம், தீப்பெட்டித் தொழில், செங்கற்சூளை, விறகடுப்பு ஆகியவற்றின் உமிழ்வுக்கெழுக்களை இம்மண்ணிலேயே அளந்து கண்டறிதல் வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்கள் அதற்கன்றி வேறெதற்கு?

மூன்றாவது, பிழைப்புப் புகையும் ஊதியப் புகையும் ஏட்டில் தனித்தனியே நிற்றல் வேண்டும்.

நான்காவது, பெரும் புகைபோக்கி ஒவ்வொன்றின் அன்றாட அளவும் ஆலை வாயிலில் தமிழில் எழுதிவைக்கப்படுதல் வேண்டும்.

ஐந்தாவது, பாக்குநீரிணையின் இருகரைக் காற்றையும் ஒருசேர அளந்து, இருகரை மக்களும் தம் மொழியில் படிக்குமாறு வெளியிடுதல் வேண்டும்.

தமிழால் இது இயலுமா என்று வினவுவார் இருப்பர். உமிழ்வு, கெழு, நுண்துகள், கணக்கேடு என்னும் சொற்களில் எது விளங்கவில்லை? சொல் இருக்கின்றது, அளக்கும் அறிவு இருக்கின்றது, எழுதும் கை இருக்கின்றது. இல்லாதது உரிமையுணர்வு ஒன்றே. புகையின் நிறம் பார்த்துக் கரியின் பதம் சொல்லும் கரிசல்காட்டு மாந்தனுக்குக் காற்றின் பதம் அறியத் தெரியாதென்று சொல்ல எவனுக்கும் தகுதியில்லை. அவன் மொழியில் ஏட்டை விரித்து அவன் முன் வைக்கட்டும். காற்றுக்குக் கணக்கெழுதுவோர் யார் என்னும் வினாவிற்கு அன்றுதான் நேரிய விடை பிறக்கும்: அக்காற்றை மூச்சாக இழுப்பவரே!